ஊளைச்சதையும் ஊசி மருந்தும்

மைசூர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் விடியற்காலை நடப்பவர்களின் பேச்சில் அண்மைக் காலமாக ஒரு புதுச் சரக்கு சேர்ந்துள்ளது. பென்ஷன், பிள்ளைகளின் வேலை, காவிரித் தண்ணீர் ஆகியவற்றுக்கு நடுவே, "வாரம் ஓர் ஊசி போட்டால் போதுமாமே, இப்படி நடக்கவே வேண்டாமாமே" என்ற கேள்வியும் எழுகிறது. கேட்பவர் பாதி கேலியாகத்தான் கேட்கிறார். மறு பாதி கேலியன்று. முழங்கால் வலியும், ரத்தக் கொதிப்பும், சட்டைப் பொத்தானை மீறி நிற்கும் தொந்தியும் உள்ளவருக்கு அது ஓர் ஆசை.

அந்த ஆசையைக் குறை கூறுவதற்கில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 30 பேரும் ஆண்களில் நூற்றுக்கு 31 பேரும் இருக்க வேண்டியதற்கு மேல் எடை உள்ளவர்கள். தமிழ்நாட்டுக் கணக்கு இதைவிடக் கவலைக்குரியது. அங்கே பெண்களில் நூற்றுக்கு 40 பேர், ஆண்களில் 37 பேர். மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மாநிலத்துச் சாப்பாட்டையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டவை. காலையில் இட்லி, மாலையில் மசாலா தோசை, விருந்தாளி வந்தால் மைசூர் பாகு என்றால் இடுப்புச் சுற்றளவு எந்த மாநிலக் கணக்கில் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊசியின் கதை இதுதான். டிர்செபடைடு என்ற மருந்தை 'மவுஞ்ஜாரோ' என்னும் பெயரில் எலி லில்லி கம்பெனி 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. செமாகுளுடைடு என்ற மற்றொரு மருந்தை நோவோ நார்டிஸ்க் கம்பெனி 'வெகோவி' என்ற பெயரில் எடைக் குறைப்புக்காக 2025 ஜூனிலும், 'ஓசெம்பிக்' என்ற பெயரில் நீரிழிவுக்காக அதே ஆண்டு டிசம்பரிலும் கொண்டுவந்தது. தொடக்கத்தில் வெகோவிக்கு மாதச் செலவு 17,000 ரூபாயைத் தாண்டியது. அதிக அளவு மருந்து தேவைப்படுவோருக்கு 26,000 ரூபாய் ஆயிற்று. ஐந்தே மாதத்தில் அந்தக் கம்பெனியே விலையைக் குறைத்து, தொடக்க அளவை மாதம் 11,000 ரூபாய்க்கும் கீழே இறக்கியது. செமாகுளுடைடின் பேடண்ட் உரிமையோ இந்தியாவில் 2026 மார்ச்சு வரைதான். பேடண்ட் உரிமை நீங்கியதும் உள்நாட்டுக் கம்பெனிகள் போட்டியில் இறங்குவதும், விலை சரிவதும் மருந்து வணிகத்தில் புதிதன்று.

விலை குறைவது நல்ல செய்திதான். ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதம் 17,000 ரூபாய் கொடுக்கக் கூடியவர் பெரிய டாக்டரிடம் போகிறார், ரத்தம் சோதிக்கிறார், வாந்தி வந்தால் இரவு பத்து மணிக்கும் போனில் பேசுவதற்கு அவருக்கு ஆள் இருக்கிறது. மருந்து சில ஆயிரம் ரூபாய்க்கு இறங்கிவிட்டால் அது பணிமனைத் தொழிலாளியின் வீட்டுக்கும், ஊதுவத்தித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணின் வீட்டுக்கும், கலியாணத்துக்கு முன் பத்துக் கிலோ குறைக்க நினைக்கும் பெண்பிள்ளையின் வீட்டுக்கும் வரும். மருந்து வரும், டாக்டர் கூடவே வருவாரா என்பதே கேள்வி.

மருந்தின் வேலை முறையைப் பாமரரும் புரிந்துகொள்ளலாம். உணவு உள்ளே போனதும் குடல் ஒரு சுரப்பு நீரை வெளியிடுகிறது. அது கணையத்துக்குப் போய் இன்சுலினைச் சுரக்கச் சொல்கிறது. இரைப்பை சீக்கிரம் காலியாகாமல் பார்த்துக்கொள்கிறது. மூளைக்குப் போய், போதும், இலையை மடி என்கிறது. இயற்கையான அந்தச் சுரப்பு சில நிமிடங்களில் அழிந்துவிடும். அழியாமல் ஒரு வாரம் நிற்கும்படி ஆய்வுக்கூடத்தில் செய்த நகல்தான் செமாகுளுடைடு. டிர்செபடைடு அத்துடன் இன்னொரு குடற்சுரப்பின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இந்த வகை மருந்துகளில் முதலாவது, அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஒரு விஷப் பல்லியின் உமிழ்நீரிலிருந்து கிடைத்த துப்பைக் கொண்டு உருவானது. 2005இல் நீரிழிவுக்காக அனுமதி பெற்றது. பல்லி சொன்ன பலன் இதுவரை எந்தப் பஞ்சாங்கத்திலும் இப்படிப் பலித்ததில்லை.

பலன் உண்மை என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். 1,961 பேரைக் கொண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில், 68 வாரங்கள் செமாகுளுடைடு போட்டவர்களின் எடை சராசரியாக நூற்றுக்கு 15 பங்கு குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு இரண்டரைப் பங்குகூடக் குறையவில்லை. டிர்செபடைடு உயர்ந்த அளவில் 72 வாரங்களில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் குறைத்தது. ஏற்கெனவே இருதய நோய் கண்ட, எடை மிகுந்த 17,604 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் மரணம் ஆகியவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், உடல் பருமனுக்கு இம்மருந்துகளை நிபந்தனைகளோடு பரிந்துரைத்தது. ஆகவே, இதை வெறும் பணக்காரர் மோகம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. நூறு கிலோ எடையும் சர்க்கரையும் இருதயக் கோளாறும் உள்ள ஒருவருக்கு இது உயிர் காக்கும் மருந்தாகலாம்.

யாருக்கு என்ற வரையறையும் உண்டு. கிலோ கணக்கில் எடையை, மீட்டர் கணக்கில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து கூடவே ரத்தக் கொதிப்பு, நீரிழிவு போன்ற நோய் உள்ளவர்களுக்குமே எடைக் குறைப்புக்காக இந்த ஊசி. ஐந்தடி ஐந்தங்குலம் உயரமுள்ள ஒருவர் 82 கிலோ இருந்தால் அந்த எண் 30. அதே உயரத்தில் 66 கிலோ இருந்துகொண்டு, புடவை கட்டினால் இடுப்பு தெரிகிறது என்று கவலைப்படும் பெண்ணுக்கு இது மருந்தே அன்று.

இனி, கெடுதல்கள். பெரும்பாலோருக்கு வருவது குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல். செமாகுளுடைடை கால் மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை சிறிது சிறிதாக உயர்த்தி, பதினாறு வாரம் கழித்தே முழு அளவுக்குப் போக வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று எடுத்த எடுப்பில் பெரிய அளவைக் குத்திக்கொள்பவர் வாந்தியில் நீர் வற்றி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். எடை மளமளவென்று குறையும்போது பித்தப்பையில் கல் சேரலாம். அரிதாகக் கணையத்தில் அழற்சி வரும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் தாங்க முடியாத வலி அதன் அடையாளம். இதை வாயு என்று எண்ணி ஓம வாட்டர் குடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. செமாகுளுடைடு போடுவோரில் மிக அரிதாக, பத்தாயிரத்துக்கு ஒருவர் வரை, கண் நரம்புக்கு ரத்தம் தடைப்பட்டுப் பார்வை திடீரென்று மங்கலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் அறிவித்தது. நெடுநாள் நீரிழிவால் விழித்திரை கெட்டவர்களும் சர்க்கரை சட்டென்று இறங்குவதால் பாதிக்கப்படலாம். முதலில் கண் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டில் ஒரு குறிப்பிட்ட வகைப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. கருவுற்ற பெண்ணும், கருத்தரிக்க விரும்பும் பெண்ணும் அப்படியே. செமாகுளுடைடை நிறுத்தி இரண்டு மாதமாவது கழிந்த பிறகே கருத்தரிக்க வேண்டும். டிர்செபடைடு போடும் பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை சரிவர வேலை செய்யாமல் போகலாம்.

அத்துடன் ஒன்று. சர்க்கரைக்கு ஏற்கெனவே கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மைசூரில் ஏராளம். அவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் இந்த ஊசியையும் சேர்த்துக்கொண்டால், சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயங்கி விழக்கூடும். பசியே தோன்றாத நிலையில், ஏகாதசியும் ஆடி வெள்ளியும் விரதமிருக்கும் மாமியார்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆபரேஷன் ஏதும் செய்துகொள்ளப் போகிறவர், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரைப்பை காலியாகாமல் இருந்தால், மயக்கத்தில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

இவ்வளவும் டாக்டர் கவனித்துச் சரிசெய்யக் கூடியவை. குடும்பங்கள் அதிகம் யோசிக்க வேண்டியது வேறு: ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும்? மேலே சொன்ன செமாகுளுடைடு சோதனையில் பங்கு கொண்டவர்களில் ஒரு பகுதியினரை, மருந்தை நிறுத்திய பிறகு ஓர் ஆண்டு கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போல இதுவும் தொடர்ந்து எடுக்கும் மருந்து என்பதையே அது காட்டுகிறது. மாதம் 3,000 ரூபாய்க்குக் கிடைத்தாலும் ஆண்டுக்கு 36,000 ரூபாய். சீட்டுப் பணம் எடுத்து ஆறு மாதம் போட்டுக்கொண்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வந்ததும் நிறுத்துகிற குடும்பம், செலவழித்த பணத்தையும் இழந்து குறைத்த எடையையும் திரும்பப் பெறுகிறது. திரும்பி வருவது பழைய எடையே என்றும் சொல்ல முடியாது. இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. குறைந்த எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத தசைப் பகுதியாக இருந்ததாக வெவ்வேறு சோதனைகளில் அளந்திருக்கிறார்கள். திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பே ஏறும்.

தசை போவது பற்றி மைசூர் மக்கள் மற்ற ஊராரைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும். அதற்கான சான்று இந்த ஊரிலேயே இருக்கிறது. மண்டி மொகல்லாவில் உள்ள ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையை, மிஷன் ஆஸ்பத்திரி என்றால்தான் பலருக்குத் தெரியும். அங்கே பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றை 1934ஆம் ஆண்டு முதலே பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கு எதற்குப் பயன்படும் என்று அந்நாளைய நர்சுகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அறுபது ஆண்டு கழித்து, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் ஆராய்ச்சியாளர்களும் மைசூர் டாக்டர்களும் சேர்ந்து, 1934க்கும் 1954க்கும் இடையே அங்கே பிறந்த 517 பேரைத் தேடிப் பிடித்துச் சோதித்தனர். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான் இருந்தது. 1996இல் லண்டன் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

அதே மருத்துவமனையில் 1997-98இல் கருவுற்றிருந்த தாய்மாரைக் கொண்டு மற்றோர் ஆய்வு தொடங்கியது. பிறந்த குழந்தைகள் வெள்ளைக்காரக் குழந்தைகளைவிட எடை குறைந்தவை, கைகால் மெலிந்தவை. ஆனால் முதுகுப் புறத் தோலின் கீழ் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது, பார்வைக்கு ஒல்லி. உள்ளே தசை குறைவு, கொழுப்பு அதிகம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் இதே நிலைமையை அங்குள்ள குழந்தைகளிடம் கண்டு, 'மெலிந்த பருமன்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். 2004இல் அவரும் யுட்கின் என்ற ஆங்கில டாக்டரும் தங்கள் படத்தையே 'லான்செட்'டில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடை எண் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்போ ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, இந்தியருக்கு 21.2!

தராசைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். இந்தியருக்கு எடை எண் 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்றும், ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்றும் டாக்டர்கள் கூறுவதன் காரணம் இது. தொட்டிலிலேயே தசை குறைந்து பிறந்த ஒருவர், ஐம்பது வயதில் ஊசி போட்டுப் பசியை அடக்கி, இரண்டு இட்லியும் காப்பியுமாக நாளைக் கழித்துப் பதினைந்து கிலோ இறக்கினால், அந்தப் பதினைந்தில் எவ்வளவு தசை போயிற்று என்று எந்தத் தராசும் சொல்லாது. படியேறும்போது தொடை நடுங்கினால் அப்போது தெரியும். ஊசி போடுகிறவர் பருப்பு, முட்டை, பால், தயிர், மீன் என்று புரதத்தை முன்னிலும் கவனமாகச் சாப்பிட வேண்டும். தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும். பசியே இல்லாதபோது இதைச் செய்வது எளிதன்று. மருந்துக் கடைக்காரர் இதைச் சொல்லிக்கொடுக்கப் போவதுமில்லை.

எடை குறைக்கும் மருந்துகளின் பழைய சரித்திரமும் நிதானத்தையே சொல்கிறது. 1930களில் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்ற சாயத் தொழில் இரசாயனத்தை இளைப்பதற்காக விழுங்கினார்கள். பலருக்குக் கண்புரை விழுந்தது, சிலர் உடல் கொதித்து மாண்டனர். ஃபென்ஃப்ளூரமின் இருதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997இல் அங்கே விலக்கப்பட்டது. ரிமோனபான்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுகிறது என்று 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகரித்த சிபுட்ரமினை இந்திய அரசு 2011இல் தடை செய்தது. ஒவ்வொன்றும் வந்தபோது அதிசய மருந்தாகத்தான் வந்தது. புதிய ஊசிகள் அவற்றைவிட எத்தனையோ மடங்கு அதிகமான பேரிடம் சோதிக்கப்பட்டவை. அவற்றோடு இவற்றை ஒரே தட்டில் வைப்பது தவறு. ஆயினும் இருபது, முப்பது ஆண்டுகள் எடைக்காக மட்டும் இதைப் போட்டுக்கொண்டவர் இன்னும் உலகில் எவருமில்லை.

தடை செய்த சரக்கு கடையை விட்டுப் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். 'மூலிகை' என்று பெயரிட்டு விற்கும் இளைப்புப் பொட்டலங்களில் சிபுட்ரமின் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் பல தடவை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. இங்கே பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் கைபேசியிலும் வரும் 'முப்பதே நாளில் பத்துக் கிலோ' விளம்பரங்கள் யாருக்குத் தெரியாதவை? உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. சட்டத்தின் அட்டவணையில் பருமன் என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறது. எழுபது ஆண்டாக இருக்கும் சட்டம் சுவரொட்டியைக்கூடக் கிழிக்கவில்லை என்றால் குற்றம் சட்டத்திலா, அதைக் கையில் வைத்திருப்பவர்களிடமா? தைராய்டு கோளாறே இல்லாதவர்கள் இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரை விழுங்கி நெஞ்சுத் துடிப்பை வாங்கிக்கொள்வதும் இந்த வகையில் சேர்ந்ததே.

ஊசியிலும் போலி வந்துவிட்டது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் பிடிபட்ட போலி ஓசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து இது. ரசீது இல்லாமல், பையில் போட்டு, பைக்கில் கொண்டுவந்து கொடுக்கும் ஊசியில் மருந்து இருக்கிறதா, இருந்தாலும் உயிரோடு இருக்கிறதா என்பதை யார் அறிவார்?

ஊசிக்கு மாற்று என்ன என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு பதில் உண்டு. டாக்டர் ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவு வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு மூன்றாண்டு நடத்திய சோதனையை 2006இல் வெளியிட்டனர். யோசனை ஏதும் கூறாமல் விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. விலை மலிந்த மெட்பார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. கவனிக்க வேண்டிய விஷயம், அவர்களின் எடை பெரிதாகக் குறையவேயில்லை. தராசு அசையாமலே நோய் தள்ளிப்போயிற்று. நாள்தோறும் நடந்தும் கிலோ இறங்கவில்லையே என்று மனமுடைந்து ஏரிக்கரையை விட்டுப் போகிறவர்கள் இந்தச் செய்தியை அறிய வேண்டும்.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இந்தியர்கள் தங்கள் சக்தித் தேவையில் நூற்றுக்கு 62 பங்கை மாவுச்சத்திலிருந்தே, அதுவும் தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை ஆகியவற்றிலிருந்தே பெறுகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2025இல் கூறியது. தட்டில் சோற்றைக் கரண்டிக் கணக்காகக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பும் காயும் வைத்தால் போதும். கேழ்வரகுக்கு மாறிவிட்டோம் என்று இரண்டு பெரிய முத்தையை விழுங்குவதில் லாபமில்லை. அதுவும் மாவுதான், அளவுதான் முக்கியம். எடை மிகுந்தவர்கள் வைராக்கியத்தில் சாமுண்டி மலைப் படியில் தொடங்க வேண்டாம், முழங்கால் தாங்காது. சமதரையில் அரை மணி நடந்தால் போதும், வாரத்தில் ஐந்து நாள். எதனாலும் இறங்காத கடும் பருமனுக்கு வயிற்று ஆபரேஷன் இருக்கிறது. அதுவும் வாழ்நாள் கண்காணிப்போடு கூடியது. சில மனநோய் மாத்திரைகளும் ஸ்டீராய்டு மருந்துகளும்கூட எடையை ஏற்றும். ஊசிக்குப் போகுமுன் பழைய மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டினால், சில சமயம் காரணம் அதிலேயே அகப்படும்.

மைசூர்த் தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு கஷ்டம் உண்டு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம் ஆங்கிலத்தில், கடுகு போன்ற எழுத்தில் இருக்கிறது. டாக்டர் கன்னடத்தில் சொல்கிறார். தெருவில் பேரம் பேசவும் பஸ் கேட்கவும் போதுமான கன்னடம், கணையம் எங்கே இருக்கிறது என்று கேட்கப் போதவில்லை. அதிலும் வயதான பெண்கள் தலையை ஆட்டிவிட்டு வந்து, வீட்டில் பேரனிடம் "என்னடா சொன்னார்?" என்று கேட்கிறார்கள். பேனா போன்ற இந்த ஊசியில் எத்தனை சொடுக்கு திருப்புவது, புட்டியில் வருவதானால் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுப்பது என்பதில் தவறினால், ஒரு வார மருந்து ஒரே நாளில் நாலு வார மருந்தாகிவிடும்.

ஆகவே மாநில அரசு செய்ய வேண்டியவை சில உள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த ஊசியை விற்கும் கடைகளின் லைசென்சில் கை வைக்க மருந்து இன்ஸ்பெக்டர்கள் தயங்கக் கூடாது. கடையில் ஊசி வாங்குகிறவரின் சீட்டையும் ரசீதையும் மாதம் ஒரு தடவை ஒத்துப் பார்த்தாலே பாதி முறைகேடு நின்றுவிடும். வீடு வீடாகப் போய் நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் பார்க்கும் 'கிருஹ ஆரோக்கிய' திட்டத்தை 2025இல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கியது கர்நாடக அரசு. அந்த ஊழியர் கையில் தையற்காரர் டேப் ஒன்றையும் கொடுத்து இடுப்பை அளக்கச் சொன்னால் செலவு பத்து ரூபாய். கே.ஆர். ஆஸ்பத்திரியிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் ஊசி போட்டுக்கொள்வோரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க, உணவு யோசனை சொல்பவரையும் சேர்த்து ஒரு மேசை போட வேண்டும். வெளியே காசு கொடுத்து மருந்து வாங்கியவர் என்று அவரைத் திருப்பி அனுப்பலாகாது.

மருந்துக் கம்பெனிகள் லாபத்தில் ஒரு துளியைச் செலவிட்டு, கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு ஆகிய மொழிகளில் ஒரே ஒரு பக்கம் அச்சிட்டுப் பெட்டியில் வைக்க மத்திய அரசு கட்டளையிட வேண்டும். எப்படிக் குத்துவது, எந்த வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, யார் தொடக் கூடாது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். அது வரும்வரை, தமிழ் தெரிந்த டாக்டர்களும் நர்சுகளும் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தமிழ்ச் சங்கத்திலோ கோயில் மண்டபத்திலோ சர்ச்சிலோ உட்கார்ந்து, வருகிறவர்களின் மருந்துப் பெட்டியை வாங்கிப் பார்த்துச் சொல்லலாம். மிஷன் ஆஸ்பத்திரியில் 1997-98இல் எடை பார்த்து எழுதப்பட்ட அந்தக் குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயதை ஒட்டி ஆகிறது. ஊசி விளம்பரம் முதலில் தேடி வருவது அவர்களுடைய கைபேசிக்குத்தான்.